பங்காளிச் சண்டையில் ஒரு விமானம்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



பகையாளியோடு வரும் சண்டைக்கு என்றைக்காவது ஒரு முடிவு உண்டு, பங்காளிச் சண்டைக்கு முடிவே கிடையாது என்று எங்க ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பங்காளிக்கு வரப்பு ஒண்ணு, கிணறு ஒண்ணு, குலதெய்வம் ஒண்ணு. அதனாலேயே சண்டை என்று வந்துவிட்டால் எதைத் தொட்டாலும் ரெண்டு பேருக்கும் வலிக்கும். நாடுகளுக்குள்ளும் இதே கதைதான் என்பது விமானத் தொழிலைப் பார்த்தால் நன்றாகப் புரிகிறது.

"விமானத்தை அண்ணாந்து பார்க்கிற நமக்கு இது எதுக்குப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் அடி வாங்குவது பைலட்டும் இல்லை, முதலாளியும் இல்லை. ரிவெட் அடிக்கிறவன், டிரில் பிடிக்கிறவன், வெர்னியரில் அளவு பார்க்கிறவன்... நாளைக்கு நாம் பார்க்கப்போகிற அதே வேலையை இன்றைக்குப் பார்த்துக்கொண்டிருப்பவன்தான் அடி வாங்குகிறான்.

உலகத்திலேயே நெருங்கிய பங்காளிகள் யார் என்று கேட்டால் அமெரிக்காவையும் கனடாவையும் சொல்லலாம். 1958 முதல் இரண்டு நாட்டு வானத்தையும் 'நோராட்' என்ற ஒரே அமைப்பு காவல் காத்து வருகிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்டு, அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, நடுவானில் தவித்த விமானங்களுக்குக் கனடாதான் இறங்க இடம் கொடுத்தது. கேண்டர் என்ற ஒரு சின்ன ஊரில் மட்டும் 38 பெரிய விமானங்கள் இறங்கின. ஆயிரக்கணக்கான பயணிகளுக்கு அந்த ஊர் ஜனங்களே சாப்பாடு போட்டு, பள்ளிக்கூடங்களில் படுக்கை விரித்துக் கொடுத்தார்கள். உறவு என்றால் இதுதானே!

அப்படிப்பட்ட இரண்டு நாடுகள் 2017ல் ஒரு விமானத்துக்காக மல்லுக்கு நின்றன.

ஒரு விமானம், பல ஊர் வேலை

கனடாவின் பம்பார்டியர் கம்பெனி 2008ல் 'சி சீரிஸ்' என்ற புது விமானத் திட்டத்தை ஆரம்பித்தது. 100 முதல் 150 பேர் வரை போகக்கூடிய விமானம். போயிங்கும் ஏர்பஸ்ஸும் பெரிய விமானங்களில் கவனமாக இருந்ததால், இந்த அளவில் நல்ல புது விமானம் இல்லாமல் ஒரு சந்து காலியாகக் கிடந்தது. அந்தச் சந்தில் புகுந்துவிடலாம் என்பது பம்பார்டியரின் கணக்கு. விமானம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் செலவு சுமார் 600 கோடி டாலர் வரை போய், கம்பெனியின் கழுத்தை நெரித்தது. 2015ல் கியூபெக் மாகாண அரசு 100 கோடி டாலர் போட்டுப் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கை வாங்கிக் கைதூக்கி விட்டது. 2016 ஜூலையில் சுவிஸ் விமானக் கம்பெனியின் கையில் முதல் விமானம் பயணிகளோடு பறந்தது.

இதைக் கனடா விமானம் என்கிறோம். பாகம் பாகமாகப் பிரித்துப் பாருங்கள். கடைசி அசெம்ப்ளி மான்ட்ரியல் பக்கத்தில் மிராபெலில். இறக்கை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், கார்பன் ஃபைபரில். இன்ஜின் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி. காக்பிட் எலெக்ட்ரானிக்ஸ் அமெரிக்காவின் ராக்வெல் காலின்ஸ். உடம்பின் ஒரு பகுதி சீனாவில். இந்த விமானத்தின் பாகங்களில் பாதிக்கு மேல் மதிப்பு அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் போகிறது என்று பம்பார்டியரே சொன்னது. கிணறு ஒண்ணு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

292 சதவீதம்!

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி 75 சி சீரிஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2017 ஏப்ரலில், போயிங் அமெரிக்க வணிகத் துறையிடம் புகார் கொடுத்தது. "ஒரு விமானத்தைச் செய்ய 3 கோடியே 32 லட்சம் டாலர் செலவாகிறது, இவர்கள் 1 கோடியே 96 லட்சத்துக்கு விற்கிறார்கள், அரசாங்கப் பணம் பின்னால் இருக்கிற தைரியம்தான் காரணம்" என்பது புகாரின் சாரம். பம்பார்டியர் இதை மறுத்தது.

முதலுக்கும் கீழே விற்று அடுத்த நாட்டுப் போட்டிக்காரனைச் சாய்ப்பதைத்தான் 'டம்பிங்' என்கிறார்கள். நம்ம சந்தையில் ஒரு மொத்த வியாபாரி நாலு வாரம் நஷ்டத்துக்குத் தக்காளி விற்று, பக்கத்துக் கடைக்காரனைக் காலி பண்ணிவிட்டு, அஞ்சாவது வாரம் விலையை ஏற்றுவது மாதிரி.

புகார் வந்த நேரமும் சரியில்லை. அதே ஏப்ரலில்தான் கனடா மரத்தின் மேல் அமெரிக்கா வரி போட்டிருந்தது. ஆகஸ்டில் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தை மறுபடியும் பேசித் திருத்தும் வேலை தொடங்கியது. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே காற்று சூடாக இருந்த சமயம். செப்டம்பரில் சுமார் 220 சதவீதம் வரி என்று வணிகத் துறை அறிவித்தது. அக்டோபரில் இன்னொரு 80 சதவீதம். டிசம்பரில் கணக்கைச் சரிபார்த்து மொத்தம் 292.21 சதவீதம் என்றது. ஒரு விமானத்தின் விலை 2 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் 5 கோடியே 84 லட்சம் டாலர்! இதற்கு வரி என்று பெயர் வைப்பதைவிடப் பூட்டு என்று வைக்கலாம். அந்த வரியை நாங்கள் கட்டப்போவதில்லை என்று டெல்டா சொல்லிவிட்டது.

பெல்ஃபாஸ்டில் பற்றிய நெருப்பு

சண்டை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்தானே? பற்றி எரிந்தது கடல் தாண்டி பெல்ஃபாஸ்டில். பம்பார்டியரின் ஆலைகளில் அங்கே சுமார் 4,000 பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஏறக்குறைய 1,000 பேரின் வேலை சி சீரிஸை நம்பி இருந்தது. தொழில் குறைந்த ஒரு பிரதேசத்தில் 1,000 வேலை என்றால் சின்ன விஷயமா?

பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே இதற்காகவே அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்குப் போன் போட்டுப் பேசினார். அவருக்கும் தலைக்கு மேல் கத்தி. 2017 ஜூன் தேர்தலில் மெஜாரிட்டி போய், வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் 10 எம்.பி.க்களை நம்பித்தான் அவர் ஆட்சி நின்றது. போயிங் இப்படி நடந்துகொண்டால் பாதுகாப்புத் துறை ஆர்டர்கள் பாதிக்கப்படலாம் என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலன் எச்சரித்தார். இறக்கை செய்கிற ஒரு தொழிலாளியின் வேலை, பிரதமரின் நாற்காலிக் கால் வரைக்கும் போய்விட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் இரண்டு உலகப் போர்களில் தோளோடு தோள் நின்ற நாடுகள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பதிலடி யார் மேல் விழுந்தது?

கனடா சும்மா இருக்குமா? போயிங்கிடம் 18 சூப்பர் ஹார்னெட் போர் விமானங்கள் வாங்குவதாக 2016 நவம்பரில் அறிவித்திருந்தது. நம்ம தொழிலாளிகளை வேலையை விட்டுத் துரத்தப் பார்க்கிற கம்பெனியோடு வியாபாரம் கிடையாது என்கிற ரீதியில் பிரதமர் ட்ரூடோ பேசினார். 2017 டிசம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஆஸ்திரேலியா ஓட்டிக் கழித்த 18 பழைய எஃப்-18 விமானங்களை வாங்கப்போவதாகக் கனடா சொன்னது.

கேட்கிறதுக்கு வீரமாத்தான் இருக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். சூப்பர் ஹார்னெட் தயாராவது செயின்ட் லூயிஸ் நகரில். அங்கே வேலை பார்க்கிற ஃபிட்டருக்கும் சி சீரிஸ் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? 1980களில் செய்த செகண்ட் ஹேண்ட் விமானத்தில் ஏறப்போகிற கனடா பைலட் செய்த பாவம்தான் என்ன? போயிங்கை அடிக்க ஓங்கிய கை, இரண்டு பக்கத்திலும் சம்பந்தம் இல்லாதவர்கள் மேல் விழுந்தது.

இன்னொரு வேதனை. போயிங்கின் சியாட்டில் பகுதித் தொழிலாளர்களும் பம்பார்டியரின் மான்ட்ரியல் தொழிலாளர்களும் ஒரே தொழிற்சங்கத்தில், சர்வதேச மெஷினிஸ்ட் சங்கத்தில் உறுப்பினர்கள். ஒரே கொடி, ஒரே சந்தா. அவன் ஜெயித்தால் இவனுக்கு வேலை போகும், இவன் ஜெயித்தால் அவனுக்கு வேலை போகும் என்ற இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

கூத்தாடிக்குக் கொண்டாட்டம்

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி ஏர்பஸ். 2017 அக்டோபர் 16 அன்று, முதல் வரி அறிவிப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், சி சீரிஸ் திட்டத்தின் 50.01 சதவீதப் பங்கை ஏர்பஸ் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. ரொக்கமாகப் பணம் எதுவும் கொடுக்காமலே! அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஏர்பஸ்ஸுக்கு ஏற்கெனவே ஆலை இருந்தது. அங்கேயே இதையும் அசெம்பிள் செய்தால் வரியிலிருந்து தப்பிக்கலாம் என்பது யோசனை.

இனிமேல்தான் கதையின் உச்சம். 2018 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் சர்வதேச வணிக ஆணையம் 4-0 என்று தீர்ப்பு சொன்னது. யாருக்குச் சாதகமாக? பம்பார்டியருக்கு! இந்த விற்பனையால் அமெரிக்க விமானத் தொழிலுக்குப் பாதிப்பு இல்லை, ஆகவே வரியும் இல்லை என்றது. அதுவரை டெல்டாவுக்கு ஒரு சி சீரிஸ்கூடப் போய்ச் சேரவில்லை. ஒரு டாலர் வரிகூட வசூலாகவில்லை. ஆனாலும் விமானம் கைமாறியது மாறியதுதான். 2018 ஜூலையில் அதன் பெயர் ஏர்பஸ் ஏ220 ஆனது. 2020 பிப்ரவரியில் பம்பார்டியர் மிச்சப் பங்கையும் விட்டுக்கொடுத்து, பயணிகள் விமானத் தொழிலையே முடித்துக்கொண்டது. அதே வருஷம் பெல்ஃபாஸ்ட் ஆலையும் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போனது.

போயிங்குக்கு என்ன கிடைத்தது? தடுக்க நினைத்த அதே விமானம், பரம எதிரியின் பெயரோடு, தன் சொந்த நாட்டிலேயே தயாராகி, 2020ல் டெல்டாவுக்கே டெலிவரி ஆவதைப் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது!

போயிங் பக்கம் நியாயமே இல்லையா?

இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1970ல் ஏர்பஸ் பிறந்தபோது ஐரோப்பிய அரசாங்கங்களின் பணம்தான் அதை வளர்த்தது. ஆரம்பத்தில் யாரும் பொருட்படுத்தாத ஏர்பஸ், பிறகு போயிங்குக்குச் சமமாக வளர்ந்து நின்றது. இன்னொரு ஏர்பஸ் முளைப்பதற்குள் கிள்ளிவிட வேண்டும் என்று போயிங் நினைத்ததில் தொழில் புத்தி இருக்கிறது. சியாட்டில் தொழிலாளிக்கும் வீடு, வாடகை, பிள்ளைகுட்டி உண்டு.

ஆனால் அரசாங்கப் பணம் வாங்காத கை எது? அமெரிக்கா 2004ல் ஏர்பஸ் மேல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட, ஐரோப்பா பதிலுக்குப் போயிங் மேல் போட்டது. கடைசியில் இரண்டு பேர் பக்கமும் தப்பு இருப்பதாக முடிவானது. 2019ல் 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருட்கள் மேல் அமெரிக்காவும், 2020ல் 400 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்கள் மேல் ஐரோப்பாவும் வரி போட அனுமதி கிடைத்தது. விமானச் சண்டைக்கு ஸ்காட்லாந்து விஸ்கியும் சீஸும் தண்டம் கட்டின! சீஸ் செய்கிறவன் என்ன ஏர்பஸ்ஸுக்கு இறக்கையா செய்து கொடுத்தான்? 17 வருஷம் சண்டை போட்டுவிட்டு, 2021 ஜூனில் "அஞ்சு வருஷத்துக்கு நிறுத்தி வைப்போம்" என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்த அறிவு முதல் வருஷமே வந்திருக்கக் கூடாதா?

இது வெள்ளைக்கார நாடுகளின் வியாதி மட்டும் இல்லை. 1981 முதல் ஒரே கவுன்சிலில் இருந்த வளைகுடா நாடுகளுக்குள்ளும் 2017 ஜூன் 5 அன்று சண்டை வெடித்தது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் ஆகிய மூன்றும், கூடவே எகிப்தும் கத்தார் விமானங்களுக்கு வான்வெளியை மூடின. கத்தார் ஏர்வேஸ் ஈரான் வழியாகச் சுற்றிப் பறந்தது. தோஹாவில் வேலை பார்த்த நம்ம ஊர் அண்ணன்மார்கள் பலர், ஒரு மணி நேர தூரத்தில் துபாயில் இருக்கிற தம்பியைப் பார்க்க ஓமன் வழியாகவோ குவைத் வழியாகவோ சுற்றிப் போகவேண்டியதாயிற்று. 2021 ஜனவரி வரை இது நீடித்தது.

நமக்கு என்ன பாடம்?

எங்க அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சு வேலை. பட்டறை முதலாளியும் அவரிடம் சரக்கு எடுக்கிறவரும் மாமன் மச்சான். ஒரு கல்யாணத்தில் சீர் விஷயமாக ரெண்டு பேருக்கும் பேச்சு முற்றி, ஆர்டர் நின்றுபோனது. மூணு வாரம் பதினோரு பேருக்கு வேலை இல்லை. சீர் வரிசையில் குறை வைத்தது எங்க அப்பாவும் இல்லை, கேட்டதும் அவர் இல்லை. பிறகு அவர்கள் ரெண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மூணு வாரக் கூலி மட்டும் திரும்பி வரவில்லை. பெல்ஃபாஸ்ட் கதையைப் படித்தபோது எனக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகவே படவில்லை.

அதனால் என் கருத்தை மூன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: கூட்டாளி நாடுகளுக்குள் தொழில் தகராறு வந்தால், வாதி வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து நடக்கக்கூடாது. பொதுவான ஆள் முன்னால், குறிப்பிட்ட காலத்துக்குள் நடக்க வேண்டும். 'நஷ்டம் உண்மையா' என்ற கேள்விக்கு முடிவான பதில் வந்த பிறகுதான் வரி எவ்வளவு என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். பம்பார்டியருக்கு நியாயம் கிடைத்தது, ஆனால் வீடு கைமாறிய பிறகு கிடைத்தது.

இரண்டு: அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு ஜனங்களின் வரிப்பணத்தைக் கொடுத்தால், கம்பெனி கைமாறினாலும் தொழிலாளியின் வேலைக்கும் பயிற்சிக்கும் உத்தரவாதம் எழுதி வாங்க வேண்டும். பணம் மட்டும் பொதுவாம், பயம் மட்டும் தொழிலாளிக்காம். இது என்ன கணக்கு?

மூன்று: பதிலடி என்று சம்பந்தமில்லாத தொழில் மேல் கைவைப்பதை நிறுத்த வேண்டும். விஸ்கி செய்கிறவனையும் போர் விமானம் செய்கிறவனையும் பிணையாகப் பிடித்து வைத்துப் பேசுவதற்குப் பெயர் ராஜதந்திரம் இல்லை.

"இந்த வம்பே வேண்டாம், எல்லாத்தையும் நம்ம நாட்டிலேயே செஞ்சுக்கலாம்" என்று சில நண்பர்கள் ஹாஸ்டலில் வாதாடுகிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவே இறக்கைக்கும் கதவுக்கும் அடுத்த நாட்டை நம்புகிற தொழில் இது. கதவு என்றதும் ஒரு செய்தி. இதே ஏ220 விமானத்தின் கதவுகள் அத்தனையையும் செய்யும் ஆர்டரை 2024 பிப்ரவரியில் ஏர்பஸ் கொடுத்தது பெங்களூரில் இருக்கிற டைனமாட்டிக் டெக்னாலஜீஸ் கம்பெனிக்கு! ஓசூர் தாண்டினால் பெங்களூர். நம்ம சீனியர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற ஊர். மான்ட்ரியலில் ஆரம்பித்து, பெல்ஃபாஸ்டைச் சுட்டுவிட்டு, அந்த விமானம் கடைசியில் நம்ம பக்கத்து ஊர் வாசலுக்கு வந்து நிற்கிறது.

பங்காளிச் சண்டையும் முடியவில்லை. அமெரிக்கா கனடாப் பொருட்கள் மேல் மறுபடி வரி போடத் தொடங்கிய 2025ல், அமெரிக்காவிடம் வாங்குவதாக இருந்த 88 எஃப்-35 போர் விமான ஆர்டரை மறுபரிசீலனை செய்யக் கனடா உத்தரவிட்டது. அடுத்த சண்டை எந்த இரண்டு நண்பர்களுக்குள் வரும், அதில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நண்பர்களே, செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிற வழியில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே கம்பெனியின் ஒரே மெஷினை மட்டும் ஓட்டத் தெரிந்தவனாக நின்றுவிடாமல், டிராயிங் படிக்க, அளவு பார்க்க, புரோகிராம் போட என்று எந்த ஊரிலும் செல்லுபடியாகும் நாலு வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சங்கம் இருந்தால் சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்கும் போங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் "ஏதாவது கேட்கணுமா?" என்று கடைசியில் கேட்பார்களே, அப்போது சம்பளத்தைக் கேட்டுவிட்டுக் கூடவே இதையும் கேளுங்கள்:

"சார், இங்கே நாங்க செய்யப்போற பாகம் எந்த நாட்டுக்குப் போகுது?"